ஆங்கிலப் பெயரடை ஒன்றின் பொருளையும் பிறப்பையும் தேடுவது எப்படி? ‘நைஸ்’ என்ற சொல்லை வைத்து ஒரு செய்முறை

‘நைஸ்’ என்ற ஆங்கிலப் பெயரடை 1300 வாக்கில் ஒருவரை முட்டாள் என்று சொல்லப் பயன்பட்டது. இன்று அதே சொல்லால் பாராட்டுகிறோம். நடுவில் இருக்கும் எழுநூறு ஆண்டுகளில் அந்தச் சொல் எந்தெந்தப் பொருளில் தங்கி, எப்போது இடம் மாறியது என்பதை ஆதாரத்தோடு கண்டுபிடிக்க முடியும். அதற்கு லத்தீன் படித்திருக்க வேண்டாம், மொழியியல் பட்டமும் வேண்டாம். அகராதியை முறையாகப் படிக்கத் தெரிய வேண்டும், அவசரப்படாமல் இருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரை ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பம் முதல் கடைசி வரை செய்து காட்டுகிறது. முறை பிடிபட்டுவிட்டால் வேறு எந்தப் பெயரடைக்கும் இதே வழியில் போகலாம். தேவையானவை ஒரு நோட்டு, இணைய வசதி, ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று மணி நேரம்.

1. இன்றைய பொருளில் தொடங்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் நேராக லத்தீன் வேருக்குப் போய்விடுகிறார்கள். அங்கேதான் முதல் சறுக்கல். சொல் இன்று என்னென்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் அதன் பிறப்பைத் தேடினால், கிடைத்த வேரை வைத்து இன்றைய பொருளை வளைக்கத் தோன்றும்.

செய்தி, கதை, உரையாடல், கடிதம் என்று வெவ்வேறு இடங்களிலிருந்து அந்தச் சொல் வரும் வாக்கியங்கள் 15 முதல் 20 வரை சேருங்கள். அகராதியிலிருந்து எடுக்காதீர்கள், அகராதி வாக்கியங்களை ஏற்கெனவே யாரோ பிரித்து வைத்திருப்பார்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்திலும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறு பெயரடையைப் போட்டுப் பாருங்கள். ஒரே மாற்றுச்சொல் பொருந்துகிற வாக்கியங்களெல்லாம் ஒரு கூறு.

‘நைஸ்’ என்ற சொல்லுக்கு இப்படிச் செய்தால் குறைந்தது ஐந்து கூறுகள் வரும். வானிலை, வீடு, பயணம் பற்றிப் பேசும்போது ‘பிளசன்ட்’ பொருந்தும்; இனிமையான என்பது பொருள். ஒருவர் இன்னொருவரிடம் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லும்போது ‘கைண்ட்’ பொருந்தும், அன்பான, இதமான. ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று வரும்போது இரண்டுமே பொருந்தாது. அங்கே ‘சட்டில்’ போடலாம், நுட்பமான வேறுபாடு. ஒரு காரியத்தைக் கெடுத்தவரிடம் ‘எ நைஸ் மெஸ்’ என்று சொல்வது தலைகீழ்ப் பொருள். குரலும் சூழலும்தான் அதைக் காட்டும்.

ஐந்தாவது கூறில் புதியவர்கள் தடுமாறுவார்கள். ‘நைஸ் அண்ட் வார்ம்’, ‘நைஸ் அண்ட் ஏர்லி’ போன்ற தொடர்களில் மாற்றுச்சொல் எதுவும் உட்காராது. அந்த ‘அண்ட்’ இரண்டு குணங்களை அடுக்கவில்லை. ‘இதமான வெதுவெதுப்பு’, ‘நல்ல நேரத்தோடு’ என்று அடுத்த சொல்லுக்கு அழுத்தம் தருகிறது, அவ்வளவே. மாற்றிப் போடும் சோதனையில் தோற்கிற தொடரைத் தூக்கி எறியாமல் தனிக் கூறாக வையுங்கள். இலக்கணத்தில் உறைந்துபோன தொடர் பெரும்பாலும் அப்படித்தான் கண்ணில் படும்.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை. ‘நைஸாக நழுவிவிட்டான்’, ‘நைஸாகப் பேசிக் காரியத்தை முடித்தான்’, ‘பொடி நைஸாக இருக்கிறது’ என்று நாம் சொல்வது தமிழில் வளர்ந்த பயன்பாடு. யாரும் அறியாமல், சாமர்த்தியமாக என்ற பொருள் இன்றைய ஆங்கிலச் சொல்லுக்கு இல்லை. இவற்றை ஆங்கிலக் கூறுகளோடு கலந்துவிட்டால் அடுத்து வரும் எல்லாமே குழம்பும். நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

2. எந்த அகராதி எதற்கு

அகராதிகள் பொருள்களை இரண்டு விதமாக வரிசைப்படுத்துகின்றன. ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதிகளில் இன்று அதிகம் வழங்கும் பொருள் முதலில் வரும். வரலாற்று முறை அகராதிகளில் எது முதலில் பதிவானதோ அது முதலில் வரும். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் முதல் பகுதி 1884இல் வெளிவந்தது, முதல் பதிப்பு 1928இல் நிறைவடைந்தது, 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள். மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலை இணையத்தில் தொடர்ந்து நடக்கிறது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதியும் பொருள்களைப் பழமை வரிசையில்தான் தருகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல், ‘அகராதியில் முதல் பொருள் இதுதானே’ என்று வழக்கொழிந்த பொருளை இன்றைய பொருளாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. எந்த அகராதியைத் திறந்தாலும் அதன் முன்னுரையில் வரிசை முறை பற்றிய பத்தியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஆக்ஸ்போர்டு அகராதியின் முழுப் பதிவுகளுக்குச் சந்தா வேண்டும். பல நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் அதைக் கட்டியிருக்கும், கேட்டுப் பாருங்கள். இலவசமாகத் தொடங்க ‘ஆன்லைன் எடிமாலஜி டிக்‌ஷனரி’ நல்லது. ஆண்டுகளைச் சுருக்கமாகத் தரும், ஆனால் மேற்கோள் வாக்கியங்கள் குறைவு. 1100க்கும் 1500க்கும் இடைப்பட்ட ஆங்கிலத்துக்கு, அதாவது மத்திய ஆங்கிலத்துக்கு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ‘மிடில் இங்கிலீஷ் டிக்‌ஷனரி’ இருக்கிறது. அதுவும் இலவசம், மேற்கோள்கள் ஏராளம். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியும் இணையத்தில் கிடைக்கிறது.

ஜான்சனை ஒரு காரணத்துக்காகத் தனியாகச் சொல்கிறோம். அவர் ‘நைஸ்’ என்ற சொல்லுக்குத் தரும் முதல் பொருள் சின்னஞ்சிறு விவரம் வரை துல்லியமான என்பது. ஒரு காலத்து மக்கள் ஒரு சொல்லை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு அந்தக் காலத்து அகராதியே நேர்ச்சாட்சி. ஆனால் சொற்பிறப்புக்கு அவரை நம்பக் கூடாது. இதே சொல்லை ‘மென்மையான’ என்ற பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததாக அவர் எழுதினார். அதை இன்று யாரும் ஏற்பதில்லை. பழைய அகராதியைப் பொருளுக்குத் திறவுங்கள், வேருக்குப் புதிய அகராதியைத் திறவுங்கள்.

3. சொற்பிறப்பு வரியைப் பிரித்துப் படித்தல்

அகராதியில் சதுர அடைப்புக்குள் ஒரு சிறிய வரி இருக்கும். சுருக்கெழுத்தும் குறியும் நிறைந்திருப்பதால் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முழுமையாக விரித்து எழுதினால் ‘நைஸ்’ பதிவின் வரி இப்படி வரும்: மத்திய ஆங்கிலம், பழைய பிரெஞ்சு ‘நிஸ்’ என்பதிலிருந்து, அது லத்தீன் ‘நெஸ்கியுஸ்’ என்பதிலிருந்து, ‘நெ’ கூட்டல் ‘ஸ்கீரே’.

‘நெ’ என்பது இல்லை, அல்ல என்ற மறுப்பு. ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். ஆக ‘நெஸ்கியுஸ்’ அறியாதவன். பழைய பிரெஞ்சில் இது பேதை, மந்தமானவன், மடையன் என்ற பொருள்களில் வழங்கி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது.

வரியைப் படிக்கும்போது திசையைக் கவனியுங்கள். அது இன்றிலிருந்து பின்னோக்கிப் போகும். நோட்டில் எழுதும்போது தலைகீழாக, பழையது மேலே வரும்படி எழுதுங்கள். அப்போதுதான் சொல் நடந்து வந்த வழி தெரியும். கூர்முனை இடப்பக்கம் நோக்கும் குறி ‘இதிலிருந்து வந்தது’ என்று பொருள்படும். ஒரு வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த வடிவம் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டுக் கிடைக்கவில்லை, உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டமைத்தது என்று பொருள். ‘ஸ்கீரே’ என்ற வினைக்கு வெட்டு, பிரி என்ற பொருளில் ஓர் இந்தோ-ஐரோப்பிய வேரைக் காட்டுவார்கள். ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துப் பார்ப்பதே அறிதல் என்பது விளக்கம். அந்த வேர் நட்சத்திரத்தோடுதான் அச்சாகும். அதை நகல் எடுக்கும்போது நட்சத்திரத்தை விட்டுவிடாதீர்கள். விட்டால் ஊகம் ஆவணமாகிவிடும்.

ஆண்டுக்கு முன்னால் சிறிய ‘சி’ எழுத்து இருந்தால் ‘சுமார்’. சிறிய ‘ஏ’ இருந்தால் ‘அந்த ஆண்டுக்கு முன்’. கையெழுத்து ஏடுகளுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் காலம் குறிப்பார்கள். ‘சுமார் 1300’ என்பதை ‘1300’ என்று எழுதினால் இல்லாத துல்லியத்தை நீங்கள் சேர்த்துவிடுகிறீர்கள்.

வரி சரிதானா என்று மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். ஒலி ஒத்துவருகிறதா? பொருள் ஒத்துவருகிறதா? சொல் வந்துசேர வழி இருந்ததா? ‘நைஸ்’ மூன்றிலும் தேறுகிறது. மத்திய ஆங்கிலத்தில் இதை ‘நீஸ்’ என்று நெடில் ஈகாரத்தோடு ஒலித்தார்கள். ஏறக்குறைய 1400க்கும் 1700க்கும் இடையில் ஆங்கில நெடில்கள் எல்லாம் இடம்பெயர்ந்தபோது அந்த ஈகாரம் ஐகாரமானது. ‘டைம்’, ‘மைஸ்’, ‘ஐஸ்’ ஆகிய சொற்களும் அதே மாற்றத்துக்கு உட்பட்டவைதான். பொருளில், முட்டாள் என்ற பிரெஞ்சுப் பொருளும் முட்டாள் என்ற முதல் ஆங்கிலப் பொருளும் ஒன்றே. வழி என்றால், 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு ஆள்வோர் மொழியானது. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் குவிந்தன. சொல் முதலில் பதிவாகும் காலமும் அதுவே.

உறவுச் சொற்களையும் இந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். ‘ஸ்கீரே’ குடும்பத்தில் ‘சயன்ஸ்’, ‘கான்ஷியன்ஸ்’, ‘கான்ஷியஸ்’, எல்லாம் அறிந்த என்று பொருள்படும் ‘ஆம்னிஷியன்ட்’ ஆகியவை இருக்கின்றன. அறிவியலும் ‘நைஸ்’ என்ற சொல்லும் ஒரே வினையிலிருந்து கிளைத்தவை. போலி உறவுகளும் உண்டு. அதே எழுத்துகளில் எழுதப்படும் பிரெஞ்சு நகரத்தின் பெயரை ‘நீஸ்’ என்று ஒலிக்க வேண்டும். அது வெற்றியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உடன்பிறந்தார் மகளைக் குறிக்கும் ‘நீஸ்’ லத்தீன் ‘நெப்டிஸ்’ என்பதிலிருந்து வந்தது. எழுத்து ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது.

4. பொருள்களை ஆண்டு வரிசையில் கோத்தல்

வேலையின் கனமான பகுதி இதுதான். நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். நோட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: ஆண்டு, பொருள், மேற்கோள் வாக்கியம், எந்த நூல். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் அந்த வரியை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். வாக்கியம் இல்லாத பொருள் வெறும் கேள்விப்பட்ட செய்தி.

‘நைஸ்’ வரிசை சுருக்கமாக இப்படி அமையும். 1300ஐ ஒட்டி முட்டாள்தனமான, அறியாத. ஆங்கிலக் கவிஞர் சாசர் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பொருளில் எழுதுகிறார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் எதிலும் குறை காண்கிற, எளிதில் திருப்திப்படாத. 1400 வாக்கில் மென்மையான, நளினமான. 16ஆம் நூற்றாண்டில் துல்லியமான, நுணுக்கமான. 1769இல் இனிமையான. 1830இல் அன்பான.

முட்டாளிலிருந்து அன்பானவருக்கு ஒரே தாவலில் யாராலும் போக முடியாது. அடுத்தடுத்த இரண்டு பொருள்களை மட்டும் எடுத்து நடுவில் பாலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறிவில்லாதவன் அற்ப விஷயங்களில் பகட்டுவான்; உடையிலும் உணவிலும் அளவுக்கு மீறி அலட்டிக்கொள்கிறவனையும் அந்தச் சொல் குறித்தது. அப்படி அலட்டிக்கொள்கிறவன் சின்னக் குறையையும் பொறுக்க மாட்டான். சின்னக் குறையும் தெரிகிற கண், நுட்பமான கண். நுட்பத்தைப் பார்க்கிற கண்ணைப் பாராட்டலாம். நுட்பமான ரசனை ஏற்றுக்கொள்வது நல்லதாகத்தானே இருக்கும்? அங்கிருந்து இனிமையான என்பதற்கு ஓரடிதான். இந்தப் பாலங்களில் முதல் ஒன்றிரண்டு பலவீனமானவை. 16, 17ஆம் நூற்றாண்டு வாக்கியங்கள் பலவற்றில் எழுதியவர் எந்தப் பொருளை எண்ணினார் என்று உறுதியாகச் சொல்வது கடினம் என்று ஆக்ஸ்போர்டு அகராதியே குறிப்பிடுகிறது. அப்படிப்பட்ட வாக்கியத்தை ஒரு கூறில் திணிக்காமல் பொருந்தக்கூடிய இரண்டு கூறுகளையும் எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

பொருள் நகரும் திசைகளுக்குத் தமிழ் மொழியியலில் பெயர்கள் உண்டு. தாழ்ந்த பொருள் உயர்வது உயர்பொருட்பேறு, உயர்ந்தது தாழ்வது இழிபொருட்பேறு. மணத்தைக் குறித்த ‘நாற்றம்’ கெட்ட வாடையைக் குறிக்க வந்தது இழிபொருட்பேறு. ‘நைஸ்’ அதற்கு எதிர்த்திசையில் போனது. பெயர் சூட்டுவதோடு நிறுத்திவிடுகிறவர்கள் பலர். பெயர் திசையைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணம் பாலத்தில்தான் இருக்கிறது.

5. ஒரு வாக்கியத்தின் பொருளை நிறுவுதல்

மூன்று எடுத்துக்காட்டுகளை நெருங்கிப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஒரு கருவியைக் கற்றுத்தரும்.

ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், ரோமியோவுக்கு அனுப்பிய கடிதம் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் பாதிரியார் லாரன்ஸ் பதறுகிறார். அந்தக் கடிதம் ‘நைஸ்’ அல்ல, ‘சார்ஜ்’ நிறைந்தது என்கிறார். இன்றைய பொருளில் படித்தால் ‘கடிதம் நன்றாக இல்லை’ என்றாகிவிடும், அது அபத்தம். ‘இது அல்ல, அது’ என்ற அமைப்பு வந்தால் எதிரே நிற்கும் சொல்லைப் பிடியுங்கள். ‘சார்ஜ்’ இங்கே கனம், முக்கியத்துவம். அப்படியானால் ‘நைஸ்’ அதன் எதிர்: அற்பமான, பொருட்படுத்தத் தேவையில்லாத. எதிர்ச்சொல் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, 1815. வாட்டர்லூ போர் முடிந்த மறுநாள் பிரஸ்ஸல்ஸ் நகரில் தாமஸ் கிரீவி என்ற அரசியல்வாதியிடம் வெலிங்டன் பிரபு பேசுகிறார். தானும் பிரஷ்யத் தளபதி புளூக்கரும் 30,000 பேரை இழந்தோம் என்று சொல்லிவிட்டு, நடந்ததை ‘நைஸ் திங்’ என்கிறார். தொடர்ந்து, வாழ்நாளில் இவ்வளவு நூலிழையில் முடிந்த ஒன்றைப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்ற பொருளில் முடிக்கிறார். 30,000 பேர் விழுந்த போரை இனிமையானது என்று ஒரு தளபதி சொல்ல மாட்டார். இங்கே சொல்லின் பொருள் இரு பக்கமும் சரிசமமாக நின்ற, மயிரிழையில் தப்பிய என்பது. துல்லியம், நுணுக்கம் என்ற கூறின் கிளை. அடுத்து வரும் தொடரே முந்தைய சொல்லுக்கு உரை எழுதியிருக்கிறது. ஆகவே வாக்கியத்தை வெட்டி எடுக்காதீர்கள். முன்னால் இரண்டு வாக்கியம், பின்னால் இரண்டு வாக்கியம் சேர்த்தே நகலெடுங்கள். கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. இனிமையான என்ற பொருள் பதிவாகி அப்போது 46 ஆண்டு ஆகிவிட்டது. புதிய பொருள் வந்த நாளிலேயே பழையது செத்துவிடுவதில்லை, இரண்டும் நெடுங்காலம் பக்கத்துப் பக்கத்தில் வாழும்.

மூன்றாவது, 1817இன் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’. கேத்தரின் ஒரு நாவலை மிக ‘நைஸ்’ ஆன புத்தகம் என்று புகழ, ஹென்றி டில்னி அவளைச் சீண்டுகிறான்: நேர்த்தியான என்று சொல்ல வருகிறாயா, அது பைண்டிங்கைப் பொறுத்தது என்கிறான். இன்றைய நாள், இந்த உலா, இந்தப் பெண்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்லா என்று கேட்டு, முதலில் இது நேர்த்தி, ஒழுங்கு, நளினம் இவற்றுக்கு மட்டுமே வழங்கியிருக்கும் என்கிறான். இந்த உரையாடல் இரண்டு விதத்தில் அரிய சான்று. இனிமையான என்ற பொருள் அன்றைய பேச்சில் எவ்வளவு பரவியிருந்தது என்பதையும், படித்தவர்கள் அதைக் குறையாகப் பார்த்தார்கள் என்பதையும் காட்டுகிறது. அதோடு, ‘முதலில்’ என்று டில்னி சொல்வது முதல் அல்ல. நேர்த்திக்கு முன்னால் முட்டாள்தனம் இருந்தது. ‘இதன் அசல் பொருள் இதுதான்’ என்று சொல்கிறவர் பெரும்பாலும் தனக்குத் தெரிந்த மிகப் பழைய பொருளில் நின்றுவிடுகிறார். அதற்கு முந்தைய ஒன்று இருக்கிறதா என்று எப்போதும் பாருங்கள்.

6. பழைய நூல்களில் நீங்களே தேடும்போது

அகராதி தரும் மேற்கோள்களோடு நிற்காமல் நீங்களே இரண்டு மூன்று வாக்கியம் கண்டுபிடித்தால் சொல் உண்மையில் கைவசப்படும். எழுத்துக்கூட்டல் நிலைபெறாத காலம் என்பதால் ஒரே வடிவத்தைத் தேடினால் பாதிதான் கிடைக்கும். ‘ஐ’ எழுத்து இருக்கும் இடத்தில் ‘ஒய்’ போட்டு ஒருமுறை, ‘சி’ இருக்கும் இடத்தில் ‘எஸ்’ போட்டு ஒருமுறை, இரண்டையும் மாற்றி ஒருமுறை தேடுங்கள். 1475 முதல் 1700 வரையிலான ஆங்கில அச்சு நூல்களின் தொகுப்பான ‘ஏர்லி இங்கிலீஷ் புக்ஸ் ஆன்லைன்’ திட்டத்தில் தட்டச்சு செய்யப்பட்ட பல்லாயிரம் நூல்களின் பாடம் பொதுவில் கிடைக்கிறது.

ஸ்கேன் செய்த நூல்களில் தேடினால் பிழைகள் நிறைய வரும். நகரத்தின் பெயர் வரும். கணினி எழுத்தைத் தவறாகப் படித்ததால் சம்பந்தமில்லாத சொற்களும் வரும். 1800க்கு முந்தைய அச்சில் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் ‘எஸ்’ நீண்ட வடிவத்தில், ‘எஃப்’ போல இருக்கும். ‘சில்லி’, ‘சேட்’ போன்ற சொற்களைத் தேடும்போது இது பெரிய தொல்லை, ‘எஃப்’ போட்டும் ஒருமுறை தேடிவிடுங்கள். கூகுள் புக்ஸின் ‘என்கிராம்’ வரைபடம் ஒரு சொல் எத்தனை முறை வந்தது என்று மட்டுமே எண்ணும். எந்தப் பொருளில் வந்தது என்று அதற்குத் தெரியாது. வரைபடத்தில் கோடு ஏறுவதை வைத்து ஒரு பொருள் பரவியது என்று எழுதாதீர்கள்.

பழைய பொருளைத் தேட இன்னொரு நல்ல இடம் கிளைச்சொற்கள். ‘நைஸிட்டி’ என்ற பெயர்ச்சொல் இன்றும் நுணுக்கம், நுண்ணிய விவரம் என்றே பொருள்படுகிறது. ‘டு எ நைஸிட்டி’ என்றால் அச்சுப் பிசகாமல். தாய்ச்சொல் இனிமைக்கு நகர்ந்துவிட்டது, கிளைச்சொல் துல்லியத்தோடு நின்றுவிட்டது. எந்தப் பெயரடைக்கும் அதன் பெயர்ச்சொல், வினையடை, கூட்டுச்சொற்கள், உறைந்த தொடர்கள் எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டுங்கள். ஒழிந்துபோனதாக நினைத்த பொருள் அங்கே உயிரோடு இருக்கும்.

7. தவறுகள் எங்கே நடக்கின்றன

மிகப் பெரிய தவறு, வேர்ப்பொருளே உண்மைப் பொருள் என்று நினைப்பது. ‘நைஸ்’ என்றால் உண்மையில் முட்டாள், ஆகவே யாரையும் அப்படிப் பாராட்டக் கூடாது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். லத்தீன் வேர் அந்தச் சொல்லின் வயதைச் சொல்கிறது, இன்று பேசுகிறவரின் எண்ணத்தைச் சொல்வதில்லை. ஒரு வாக்கியத்தில் சொல்லின் பொருளைத் தீர்மானிப்பவை அந்த வாக்கியமும் அதன் காலமும்.

இரண்டாவது, எழுத்துச் சுருக்கக் கதைகள். நான்கு சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இந்தச் சொல் உண்டானது என்று யாராவது சொன்னால் முதல் பதிவின் ஆண்டைப் பாருங்கள். முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் உண்டாக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. அதற்கு முந்தைய சொல்லுக்கு அப்படிக் கதை வந்தால் ஏறக்குறைய எப்போதும் கட்டுக்கதைதான். பகட்டான என்று பொருள்படும் ‘பாஷ்’ என்ற பெயரடைக்கு, கப்பலில் போகும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை என்று பயணச்சீட்டில் அடித்த நான்கு எழுத்துகளே மூலம் என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அப்படி அச்சடித்த சீட்டு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

மூன்றாவது, முதல் பதிவு ஆண்டைப் பிறந்த ஆண்டாக எடுத்துக்கொள்வது. 1769 என்றால் அந்த ஆண்டிலோ அதற்கு முன்போ என்றே படிக்க வேண்டும். பேச்சில் வழங்கி, பிறகுதான் எழுத்தில் ஏறும். இன்னும் பழைய வாக்கியம் ஒன்று நாளை கிடைத்தால் ஆண்டு பின்னுக்குப் போகும். குறிப்பில் ‘1769இல் பதிவு’ என்று எழுதுங்கள், ‘1769இல் தோன்றியது’ என்று எழுத வேண்டாம்.

நான்காவது, வேர் தெரியாத சொல்லுக்கு வேர் உண்டாக்குவது. ‘பிக்’, ‘பேட்’ போன்ற தினசரிச் சொற்களுக்கே பிறப்பு உறுதியாகவில்லை. அகராதி அப்படிச் சொன்னால் நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

8. பதிவை எழுதுதல்

முடிந்ததும் பாதிப் பக்கத்துக்கு மிகாமல் ஒரு பதிவு எழுதுங்கள். இதோ ஒரு மாதிரி.

நைஸ், பெயரடை. லத்தீன் ‘நெஸ்கியுஸ்’, அறியாத. பழைய பிரெஞ்சு ‘நிஸ்’, பேதையான. ஆங்கிலத்தில் சுமார் 1300. முட்டாளான (வழக்கொழிந்தது); குறை காண்கிற, 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி; மென்மையான, சுமார் 1400; துல்லியமான, நுட்பமான, 16ஆம் நூற்றாண்டு, இன்று ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ போன்ற தொடர்களிலும் ‘நைஸிட்டி’ என்ற பெயர்ச்சொல்லிலும்; அற்பமான, ஷேக்ஸ்பியர் (வழக்கொழிந்தது); இனிமையான, 1769இல் பதிவு; அன்பான, 1830இல் பதிவு. உறவு: சயன்ஸ், கான்ஷியன்ஸ். உறவல்லாதவை: நீஸ் நகரம், நீஸ் என்ற உறவுப்பெயர்.

இதில் ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் நோட்டில் ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். இல்லாத வரியை அடித்துவிடுங்கள்.

அடுத்த பயிற்சிக்கு ‘சில்லி’ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலத்தில் அதன் மூலவடிவம் பாக்கியம் பெற்ற, மகிழ்ச்சியான என்று பொருள்பட்டது; அதன் உறவான ஜெர்மன் ‘ஸேலிஷ்’ இன்றும் பேறு பெற்ற என்ற பொருளில் வழங்குகிறது. பாக்கியவான், கள்ளமற்றவன், இரங்கத்தக்கவன், பலவீனன், அறிவிலி என்று அது கீழே இறங்கியது. ‘நைஸ்’ ஏறிய படியில் எதிரே இறங்கிய சொல் அது, அதனால் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தால் பாலம் பார்க்கும் பழக்கம் வரும். பிறகு ‘சேட்’: நிறைந்த, திகட்டிய என்பதில் தொடங்கி, கனமான, உறுதியான, அழுத்தமான என்று போய், துயரத்தில் நின்றது, ஜெர்மன் ‘ஸாட்’ இன்னும் வயிறு நிறைந்த என்பதையே குறிக்கிறது. ‘குவிக்’ எளிது, உயிருள்ள என்பதே பழைய பொருள், பாதரசத்தைக் குறிக்கும் ‘குவிக்சில்வர்’ அதைக் காத்து வைத்திருக்கிறது. ‘ஃபாஸ்ட்’ சொல்லைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அசையாத என்ற பொருளும் வேகமான என்ற பொருளும் அதில் ஒரே நேரத்தில் வழங்குகின்றன: ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’, ‘ஹோல்ட் ஃபாஸ்ட்’ ஒரு பக்கம், வேகமாக ஓடுவது மறுபக்கம். நடுவில் உள்ள பாலம் பெயரடையில் கிடைக்காது, வினையடையில் தேட வேண்டும்.